வழுக்கையாரை வணங்கிய திருடன்

அத்தியாயம் ஐந்து

இறைவன் மனிதனுக்கு இரண்டு செவிகளை ஏன் அருளினான் என்று கேட்டால் அடியார்கள் தயங்காமல் விடை சொல்வார்கள்: ஒன்று அவன் புகழ் கேட்க, மற்றொன்றும் அவன் புகழ் கேட்க. சோலோ நகரத்தார் இபு, அதாவது அம்மா, என்றழைக்கும் துப்பறிவாளர் இபு கினாசிக்கு அன்று வேறொரு விடையும் கிடைக்கவிருந்தது. ராடன் தீர்த்தோவின் மாளிகை வாயிலில் செருப்பைக் கழற்றியபோது அதை அவர் அறியவில்லை. அவருடைய உதவியாளன் துகிஜோ அறிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டான். வாயிலோரக் கடையில் வாங்கிய செராபி அப்பம் வாழையிலைச் சுருளுக்குள் இன்னும் சூடாக இருந்தது.

சுவரற்ற பெருமண்டபம். தேக்குத் தூண்களுக்கு அப்பால், வீட்டின் உள்வாசலை ஒட்டி, கமெலான் வாத்தியங்கள் வெண்கல நிறத்தில் பளபளத்தன. அவற்றின் எதிரே பாயில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். கறுப்புச் சட்டை, தலையில் பழைய பிளாங்கோன் தலைப்பாகை, அசைவில்லாத நிமிர்வு.

துகிஜோ சட்டென்று இடுப்பை வளைத்தான். வலக்கையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, அவர் முகத்துக்கு மேலே தன் தலை உயராதபடி குனிந்தே கடந்தான். "நுவுன் சேவு, பாக்... குறுக்க போறேன், மன்னிக்கணும்."

பெரியவர் பதில் சொல்லவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அழுது சிவந்த கண்களோடு அவள் சிரித்ததுதான் விந்தை.

"அது பொம்மைங்க. கழுத்துக்குக் கீழ வெறும் மரச்சட்டம்."

"அதான் என்னை மதிக்கலையா? நான் பெரிய இடம்னு நெனச்சுட்டேன்" என்றான் துகிஜோ, நிமிர்ந்துகொண்டே.

அவள்தான் வெனிங், ஒலிப்பதிவுக்காரி, இபு கினாசியை அழைத்தவளும் அவளே. பொம்மையின் தலைப்பாகையை மெல்லத் தூக்கிக் காட்டினாள். மொட்டைத் தலை, ஆனால் இருபுறமும் மடலும் மடிப்புமாக உயிருள்ளவை போன்ற இரண்டு காதுகள்.

"இவருக்கு வழுக்கையார்னு பேரு வெச்சிருக்கோம். ரெண்டு காதுக்குள்ளயும் குட்டி மைக் இருக்கு. இவர் காதுல சத்தம் எப்படிப் போய் விழுதோ அப்படியே பதிவாகும். அப்புறம் நீங்க ஹெட்போன்ல கேட்டா, பாட்டு மண்டைக்குள்ள கேக்காது. இவர் உக்காந்த எடத்துல நீங்களே உக்காந்திருக்கிற மாதிரி, சுத்தியும் கேக்கும்."

"காது யாரோடது? ரொம்பத் தாராளமா விரிஞ்சிருக்கே" என்றார் இபு கினாசி.

வெனிங்கின் முகம் சிவந்தது. "மாஸ் லான்ஜாரோடது. கோங் வாசிக்கிறவர். அச்செடுக்கறப்ப அவர்தான் ஆடாம அசையாம உக்காந்தார்." பின் குரல் உடைந்தது. "அவரைத்தான் இப்ப திருடன்ங்கறாங்க. அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணம் இபு. சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியலைன்னா அவரை இந்த வீட்டை விட்டே அனுப்பிடுவாங்க. அந்தப் பேரோட எங்க அப்பா முன்னாடி அவர் எப்படி வந்து நிப்பார்?"

திருடு போனது பெருங்கோங்கின், அதாவது தொங்கும் பெரிய வெண்கலத் தட்டின், கொட்டுக்கோல். சிவப்புத் துணி சுற்றிய தலையும் நெல்லிமரப் பிடியும் உடையது. அந்த வீட்டில் பெருங்கோங்கைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். வியாழன் மாலைதோறும் மல்லிகை சாத்துவார்கள். அந்த ஒரு கோலைத் தவிர வேறெதுவும் அதன்மேல் படக்கூடாது. இன்று மாலை விருந்தினர் முன்னிலையில் கச்சேரி. அப்போதே வெனிங்கின் ஒலிப்பதிவை ராடன் தீர்த்தோ ஹெட்போனில் கேட்டு, மண்டபம் மண்டபமாகவே கேட்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். கோல் இல்லையேல் கோங் இல்லை. கோங் இல்லையேல் கச்சேரியும் இல்லை, பதிவின் கடைசிப் பாட்டும் இல்லை.

"நேத்து மத்தியானம் எல்லாரும் பின்கட்டுல சாப்பிடப் போயிட்டோம். பதிவை மட்டும் நான் நிறுத்தல" என்றாள் வெனிங். "ஆளே இல்லாதப்ப மண்டபம் எப்படிக் கேக்குதுன்னு எப்பவும் கொஞ்சம் பிடிச்சு வெச்சுப்பேன். பாட்டுக்கு நடுவுல ஒட்டுப் போட உதவும். அந்த மௌனத்துலதான் திருடன் விழுந்துட்டான். பழி மாஸ் லான்ஜார் தலையில விழுந்துடுச்சு."

"மௌனம்கூட மாட்டிவிடுமா?" என்று வியந்தான் துகிஜோ. "அப்ப நான் பேசிட்டே இருக்கிறதுதான் பத்திரம்."

ராடன் தீர்த்தோ வெளியே வந்தார். மெலிந்த உடல், செதுக்கிய முகம், குறையாத மிடுக்கு. விருந்தினரைத் தம் வலப்பக்கத்தில் அமரச் செய்து தேநீர் வரவழைத்தார். துகிஜோவுக்கு இடப்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

"டென், ஒரு சின்னக் கேள்வி கேக்கலாமா?"

ராடன் என்பதைச் சுருக்கி அப்படி அழைத்தும் பயனில்லை. ராடன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவர் நெஜ ஆள்தானே?" என்று துகிஜோ ராடனின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து இபுவிடம் முணுமுணுத்தான். "எனக்கு இன்னிக்கு நேரமே சரியில்ல."

ராடனின் தம்பி மகன் பாகஸ், நேற்றுக் காலைதான் ஜகார்த்தாவிலிருந்து வந்தவன், மடிக்கணினியோடும் ஸ்பீக்கரோடும் வந்து அமர்ந்தான். கோலின் களவைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை அவன் மூக்கு நுனியில் இருந்தது.

"கேட்டுக்குங்க இபு. ஒரு நிமிஷத்துல கேஸ் முடிஞ்சுடும்."

ஸ்பீக்கரில் வெறும் மண்டபம் ஒலித்தது. எங்கோ ஒரு புறாவின் கூவல். வெறுங்காலடிகள் வலப்பக்கத்திலிருந்து நடுவே வந்தன. புரியாத ஒரு முணுமுணுப்பு. காலடிகள் இடப்பக்கம் போயின, ஏதோ உராய்ந்தது, பின் இடப்பக்கமே தேய்ந்து மறைந்தன.

"இடப்பக்கம் போய் மறையுது. இடப்பக்கப் பின்னாடி என்ன இருக்கு? வாத்தியக்காரங்க அறை. அந்த நேரத்துல அங்க யாரு இருந்தது? சட்டை மாத்தப் போனேன்னு லான்ஜாரே சொல்றான். போலீசுக்குப் போயிடலாம்னா பாக்டேதான் வேணாம்ங்கறாரு."

"சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்றார், அவன் பாக்டே என்றழைத்த பெரியப்பா ராடன், மெதுவாக.

லான்ஜார் தூணருகே நின்றிருந்தான். அவனுடைய விரிந்த காதுகள் சிவந்திருந்தன.

"ம்பாக் வெனிங், இது ரெண்டு காதுக்குன்னு பதிஞ்சது" என்றார் இபு. "இதை ஏன் ஸ்பீக்கர்ல கேக்கறோம்? ஹெட்போனைக் குடு. டென், எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்."

அவர்கள் விலகினர். இபு கினாசி பொம்மையின் அருகே பாயில் அமர்ந்து ஹெட்போனை மாட்டினார். கண் மூடினார். மறுகணமே திடுக்கிட்டுக் கண் திறந்து எதிரே பார்த்தார். எவருமில்லை. ஆனால் இப்போதுதான் யாரோ ஒருவர் அவர் முகத்துக்கு முன்னால் கடந்து போயிருந்தார். வேட்டியின் சலசலப்புக் கூடக் கேட்டது. ஸ்பீக்கரில் முணுமுணுப்பாக இருந்தது இப்போது தெளிவான இரண்டு சொற்களாக அவர் முகத்தெதிரே மலர்ந்தது: நுவுன் சேவு.

"ஜோ, நீ இப்ப எனக்கு எதுக்க நின்னு அதே ரெண்டு வார்த்தையைச் சொல்லு."

சொன்னான்.

"கேட்டியா? நீ நின்னு சொன்னா உன் குரல் எனக்கு மேலேர்ந்து வருது. பதிவுல என் மூக்குக்கு நேரா வருது. குனிஞ்சுட்டே போயிருக்கான். பெரியவங்க உக்காந்திருந்தா நாம எப்படிக் குறுக்க போவோமோ அப்படி."

"பொம்மைக்கு மரியாதை பண்ணின திருடனா?" துகிஜோ அப்பத்தைக் கடித்தான். "நான் ஒருத்தன்தான் முட்டாள்னு நெனச்சிருந்தேன். துணை கெடச்சிருச்சு."

"லான்ஜார் இந்தப் பொம்மைக்குக் குனிவானா, ம்பாக்?"

"அவரா?" வெனிங் கண்ணீரோடு சிரித்தாள். "தெனம் வந்ததும் அதோட காதைத் திருகிட்டு, 'என் காதைத் திருப்பிக் குடுடா'ன்னுட்டுப் போவார்."

"அது ஒண்ணு. இன்னொண்ணு, அந்தக் காலடி எங்க போய் முடியுது?" இபு மீண்டும் கேட்டார். முகம் வாடியது. "என் இடத் தோளுக்குப் பின்னாடி. அட, பாகஸ் சொன்னதுதானா?"

"குடுங்க பாக்கலாம்" என்று துகிஜோ வாங்கி மாட்டினான். "பின்னாடியா? இல்லையே இபு. முன்னாடி. அதோ, உள்வாசல் பக்கம்."

"பின்னாடிடா."

"முன்னாடிங்க. சம்பளத்தைக் கொறச்சாலும் முன்னாடிதான்."

இருவரும் வெனிங்கைப் பார்த்தனர். அவள் தயங்கினாள். "இதுல அந்த ஒரு தொல்லை உண்டு. இடம் வலம் யாருக்கும் தப்பாது. முன்னையும் பின்னையும் பிரிச்சுச் சொல்றது காது மடலோட மடிப்புதான். அது ஆளுக்கு ஆள் வேற. வழுக்கையாருக்கு மாஸ் லான்ஜாரோட காது. அது மாதிரி காது இருக்கிறவங்களுக்குச் சரியாக் கேக்கும். மத்தவங்க சில பேருக்கு முன்னாடி இருக்கிறது பின்னாடி போயிடும்." துகிஜோவின் காதுகளை அவள் அளந்து பார்த்தாள். "உங்களோடதும் நல்லா விரிஞ்சுதான் இருக்கு."

"பள்ளிக்கூடத்துல இதுக்காக எத்தனை அடி வாங்கியிருக்கேன்" என்றான் துகிஜோ தழுதழுத்து. "முதல் தடவையாப் பாராட்டு."

"உன் காதைச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போனா பாகஸ் சிரிப்பான். வேற சாட்சி வேணும்." இபு கினாசி ஹெட்போனை மீண்டும் வாங்கி மாட்டினார். சற்றுக் கேட்டார். அவர் இதழில் மெல்ல ஒரு புன்னகை அரும்பியது. "ஜோ, அந்தப் புறாக் கூண்டு எங்க தொங்குது?"

"எதுக்கத்தான். இடப்பக்க முன்தூண்ல. உள்வாசலுக்குப் பக்கத்துல."

"என் காதுக்கு அது பின்னாடி கூவுது! கூண்டைத் தூக்கிட்டு யாரும் நடந்திருக்க மாட்டாங்க. அப்ப எனக்குப் பின்னாடி கேக்கிறது அத்தனையும் உண்மையில முன்னாடி. காலடி போய் மறையிற எடமும் புறாவோட எடமும் ஒண்ணு. கோலை எடுத்தவன் வாத்தியக்காரங்க அறைக்குப் போகல. வீட்டுக்குள்ள போயிருக்கான்."

வெனிங் பொம்மையின் தோளைப் பற்றிக்கொண்டாள், விழாதிருக்க.

"வீட்டுக்குள்ள போக உரிமையுள்ளவங்க ரெண்டே பேரு" என்றான் துகிஜோ. "அதுல ஒருத்தர் நேத்துதான் ஊர்லேர்ந்து வந்தவர். பொம்மையை முன்னப் பின்னப் பாக்காதவர். என்னை மாதிரியே ஏமாந்து குனிஞ்சிருப்பார். கேஸ் முடிஞ்சது. கெளம்பலாமா?"

"நீயே கூப்பிட்டுப் பாரு."

துகிஜோ உள்வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். பாகஸ் கைப்பேசியில் கண் பதித்தபடி வந்தான். வழுக்கையாரின் மூக்குக்கு முன்னால் நெட்டை மரமாக நடந்தான். அவருடைய முழங்காலாக இருந்திருக்க வேண்டிய மரச்சட்டத்தில் இடறினான்.

"இதை யாரு வழியில வெச்சது? நேத்தும் இதுலயே கால் தடுக்கிச்சு."

"பக்கத்துல பாக்டே உக்காந்திருந்தாலும் இப்படித்தான் நடப்பீங்களா, மாஸ்?" என்று இபு கேட்டார்.

"ஏன், எப்படி நடக்கணும்?"

அவன் போனபின் துகிஜோ பெருமூச்சு விட்டான். "இவனுக்கு வளைய இடுப்பே கெடையாது. போச்சு. ஏமாந்து குனிஞ்சவன் இவன் இல்ல. பொம்மைன்னு தெரிஞ்சே எவன் குனிவான்?"

இபு கினாசி வழுக்கையாரை நெடுநேரம் நோக்கினார். கருவறைக்கு முன் நிற்பவர் முதலில் சாத்திய மாலையைப் பார்த்து, பிறகே திருமுகத்துக்கு ஏறுவது போல, அவர் பார்வை சட்டையிலிருந்து தலைப்பாகைக்கு ஏறி அங்கேயே நின்றது. மங்கிய பழுப்புத் துணி. ஓரம் தேய்ந்த பழைய பாத்திக்.

"ம்பாக், இந்தப் பிளாங்கோன் யாரோடது?"

"டென்னோட அப்பாவோடது. மொட்டைத் தலையா ஒருத்தர் மண்டபத்துல உக்காரக் கூடாதுன்னு டென்தான் அலமாரியைத் திறந்து அவர் கையாலயே வெச்சுவிட்டார்."

இபு கினாசி ஹெட்போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஜோ, டென்னைக் கூப்பிடு. தனியா. வெனிங், அவர் வந்ததும் நீ போய் லான்ஜாருக்கு ஒரு தேநீர் குடு."

ராடன் வந்து அமர்ந்தார். வழக்கம்போல இபுவைத் தம் வலப்பக்கத்தில் இருத்தினார். இபு ஹெட்போனை இரு கைகளாலும் ஏந்தி, அவரே வணக்கத்தோடு மாட்டிவிட்டார். பக்கம் குறித்த எழுத்துகளைக் கண்ட துகிஜோ, "இபு, அது மாத்தி..." என்று தொடங்கினான். மிச்சமிருந்த அப்பம் முழுமையாக அவன் வாய்க்குள் போயிற்று. இபுவின் விரல்கள் விரைவானவை.

"கேக்குதா டென்?"

"நல்லாக் கேக்குது. அருமையான பதிவு."

"புறா எந்தப் பக்கம் கூவுது?"

"இடப்பக்கம்" என்றார் ராடன் தயங்காமல். "முன்தூண்ல. வேறெங்க கூவும்?"

இபு கினாசி தலை குனிந்தார். "டென், உங்க பதில் ரொம்பச் சரி. அதனாலதான் எனக்கு வருத்தம். ஹெட்போனை நான் பக்கம் மாத்தி மாட்டியிருக்கேன். ரெண்டு காதும் கேக்கிறவங்களுக்குப் புறா வலப்பக்கம் பறந்து வந்திருக்கும். 'என்ன இது, தப்பா இருக்கே'ன்னு உடனே கேட்டிருப்பாங்க. நீங்க கேட்டுச் சொல்லல. கூண்டு எங்க தொங்குதுன்னு ஞாபகத்துலேர்ந்து சொன்னீங்க."

துகிஜோ மெல்லுவதை நிறுத்தினான். காலையில் தன் கேள்வி விழுந்தது அவமதிப்பின் மீதல்ல, கேளாத செவியின் மீது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

ராடன் ஹெட்போனைக் கழற்றினார். அந்த மெலிந்த உடலிலிருந்த மிடுக்கு ஒரு மூச்சில் கழன்றது. அதன் கீழே இன்னும் அழகான ஒரு முகம் இருந்தது.

"இடது காது போய் வருஷமாச்சு. யாருக்கும் தெரியாது. எல்லாரையும் வலப்பக்கமே உக்கார வெச்சு ஓட்டிட்டேன். இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி இதை மாட்டிக் கேட்டு, 'சுத்தியும் கேக்குதா?'ன்னு கேப்பாங்க. எனக்குச் சுத்தி ஏதும்மா? ஒரே பக்கம்தான். கச்சேரி தள்ளிப் போனாப் போதும்னு கோலை எடுத்தேன். அதுக்குள்ள பாகஸ் அந்தப் பையன் பேரைச் சொல்லிட்டான். நான் வாயை மூடிட்டேன்."

"எடுக்கறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்க."

"அவர் தலைப்பாகை உக்காந்திருக்கறப்ப அது முன்னாடி எப்படிம்மா நிமிர்ந்து போறது?"

அவர் எழுந்து உள்ளே சென்று கோலோடு திரும்பினார். தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கிடத்தியிருந்தார். சுற்றிலும் புத்தம் புதிய மல்லிகை.

"திருடின பொருளுக்குப் பூ வெச்ச திருடனை நான் இப்பத்தான் பாக்கறேன்" என்று துகிஜோ கிசுகிசுத்தான்.

"கோல் உங்களோடது டென். அதுல களவு எதுவும் இல்ல" என்றார் இபு. "ஆனா லான்ஜாரோட பேரு அவனோடது. அதை நீங்கதான் திருப்பித் தரணும். எப்படித் தரணும்னு நான் சொல்ல மாட்டேன்."

மாலைத் தொழுகைக்கான அழைப்பொலி அடங்கியபின் விளக்குகள் ஏற்றப்பட்டன. விருந்தினர் பாய்களில் நிறைந்தனர். வாத்தியக்காரர் தத்தம் இடத்தில் அமர்ந்தனர். பெருங்கோங்கின் அருகே மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. லான்ஜார் தன் துணிப்பையோடு கடைசிப் படியில் நின்றான்.

ராடன் தீர்த்தோ மண்டப நடுவில் நின்றார். கையில் கோல்.

"இது திருடு போகல. நான்தான் ஒளிச்சு வெச்சேன். என் இடது காது கேக்காது. அதை ஒத்துக்க வெக்கப்பட்டு, ஒரு நல்ல பையன் மேல பழி விழறதைப் பாத்துட்டு சும்மா இருந்தேன். மாஸ் லான்ஜார், என்னை மன்னிச்சிடு. பையைக் கீழ வை. உன் எடம் காத்திட்டிருக்கு."

பாகஸ் தரையைப் பார்த்தபடி லான்ஜாரின் பையைத் தானே வாங்கி வைத்தான். வெனிங் தூணுக்குப் பின்னால் மறைந்து அழுதாள். சிரிப்பும் அதனுள் கலந்திருந்தது.

"வெனிங், இங்க வாம்மா" என்றார் ராடன். "தீர்ப்புச் சொல்லணும்ல? பகல்ல அந்த அம்மா மாட்டின மாதிரியே மாத்தி மாட்டு. என் நல்ல காதுக்கு இடப்பக்கத்தைக் குடு."

கமெலான் பதிவு ஓடியது. அவர் கண் மூடினார். விருந்தினர் மூச்சடக்கினர். முகத்தில் முதலில் வியப்பு. அடுத்து, நெடுநாள் பிரிந்தவரைக் கண்டது போன்ற ஒரு கனிவு. அதன்பின், ஐயோ, புருவங்கள் நெரிந்தன. கண்கள் திறந்தன.

"வாகிமின்!"

இடப்பக்கத்தில் சாரோன் என்னும் வெண்கலப் பட்டை வாத்தியத்தின் முன் அமர்ந்திருந்த தடித்த மனிதர் துள்ளினார். "டென்?"

"ஒவ்வொரு சுத்து முடியறப்பவும் ஒரு சுரத்தை முழுங்கறியே! எத்தனை நாளா நடக்குது இது?"

வாகிமின் தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு இடப்பக்கம் உக்காந்த நாள்லேர்ந்து, டென்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. புறா கூண்டுக்குள் படபடத்தது. எல்லாரிலும் உரக்கச் சிரித்தவர் ராடன்தான்.

"கேட்டுக்குங்க எல்லாரும்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் மண்டபத்துல பாதியைத் தொலைச்சிருந்தேன். இந்தப் பொண்ணு திருப்பிக் கொண்டாந்துட்டா. வாகிமினோட சேத்து. அதுதான் என் தீர்ப்பு."

லான்ஜார் கோலைப் பெற்றுக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தான். வழியில் வழுக்கையார் அமர்ந்திருந்தார். லான்ஜாரின் கை வழக்கப்படி அந்தக் காதை நோக்கி நீண்டது. தலைப்பாகையைக் கண்டு நின்றது. இடுப்பு வளைந்தது. வலக்கை தாழ்ந்தது. "நுவுன் சேவு" என்றபடி குனிந்து கடந்தான்.

"தன் காதுக்குத் தானே கும்பிடு போடறான் பாருங்க இபு" என்றான் துகிஜோ.

"வாயை மூடிட்டுக் காதைத் திற" என்றார் இபு கினாசி.

பெருங்கோங் ஒலித்தது. முன்னும் பின்னும் இடமும் வலமும் என்ற பிரிவெல்லாம் அழிய, அது எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. ஒற்றைச் செவியோடு அமர்ந்திருந்தவருக்கும் கூட.